மிலிட்டரி லாரி ஓட்டும் தலைக்கு ஒரு டாங்கிக் குல்லாய்

கீழ்க்கோத்தகிரிப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஓடிக்கொண்டிருக்கும் சக்திமான் லாரியை ஓட்டும்போது அணிவதற்கென்றே, டாங்கி வீரர்கள் போட்டுக்கொள்ளும் கறுப்புத் திணிப்புக் குல்லாய் ஒன்றைப் பழைய ராணுவச் சாமான்கள் விற்கும் ஒரு கடையிலிருந்து தபாலில் வரவழைத்தேன். விலை 2,400 ரூபாய். தபால் செலவு தனி. ஒரு கோடையும் இரண்டு ஐப்பசி மழையும் அடங்கிய பதினான்கு மாதங்கள் அதைத் தலையில் மாட்டிக்கொண்டு கொழுந்து மூட்டையும் விறகும் ஏற்றி ஓட்டியிருப்பதால், அதன் நிறைகுறையைச் சொல்லும் தகுதி எனக்கு வந்துவிட்டதாக நினைக்கிறேன்.

லாரி ஓட்டுபவனுக்குத் தலைக்கவசம் எதற்கு என்று கேட்காதவர் எங்கள் ஊரில் இல்லை. சட்டமும் அதைக் கேட்பதில்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆவது பிரிவு இரு சக்கர வாகனத்தில் செல்பவர்களுக்குத்தான் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்குகிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அதை மீறினால் 1,000 ரூபாய் அபராதமும் மூன்று மாத உரிமத் தகுதி நீக்கமும் உண்டு. லாரி, கார் என்று வந்துவிட்டால் சட்டத்தின் கண் தலையிலிருந்து இடுப்புக்கு இறங்கிவிடுகிறது: சீட் பெல்ட் போடாவிட்டால் 194-பி பிரிவின்படி அதே 1,000 ரூபாய். ஆகவே இது போலீஸுக்குப் பயந்து வாங்கிய பொருள் அல்ல. என் உச்சந்தலையில் விழுந்த நான்கு தையல்கள்தான் காரணம்.

வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் இது புரியும். சக்திமான் என்பது ஜெர்மனியின் மேன் நிறுவனத்தின் வடிவமைப்பை உரிமம் பெற்று, ஜபல்பூரில் உள்ள ராணுவத் தொழிற்சாலைகளில் 1950-களின் இறுதியிலிருந்து 1990-களின் நடுப்பகுதி வரை நம் ராணுவத்துக்காகக் கட்டிய லாரி. ராணுவம் கண்டம் செய்து ஏலத்தில் விட்டதை எடுத்த ஒருவரிடமிருந்து என் அப்பா இதை வாங்கினார். டன் கணக்கில் சுமை ஏற்றி மேடு பள்ளத்தில் போவதற்கென்று ஸ்பிரிங் பட்டைகளை அடுக்கிய வண்டி இது. சுமை இருந்தால் யானை போல அமைதியாக நடக்கும், காலியாகத் திரும்பும்போது ஆட்டுக்குட்டி போலத் துள்ளும். நல்ல ரோட்டில் அந்தத் துள்ளல் ஒரு பொருட்டல்ல. பேக்டரி ரோட்டிலிருந்து பிரிந்து தோட்டத்துக்குள் இறங்கும் மண்பாதையில், மழை அரித்த ஓடையில் முன்சக்கரம் விழுந்து எழும்போது, ஓட்டுபவனின் உடம்பு இருக்கையை விட்டு ஒரு சாண் மேலே போய் வரும்.

மேலே என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. இந்த வண்டி எங்களிடம் வந்தபோது கேபினின் கூரை கிழிந்த கித்தானாக இருந்தது. கோத்தகிரி மழைக்கு அது தாங்காது என்று, பாடி கட்டும் ஒரு பட்டறையில் ஆங்கிள் இரும்பால் சட்டம் போட்டு மேலே தகடு அடித்துத் தந்தார்கள். தகடு மழையை நிறுத்தியது உண்மை. ஆனால் அந்த ஆங்கிளின் ஒரு விளிம்பு, கத்தியைப் படுக்கவைத்ததுபோல, சரியாக ஓட்டுநரின் தலைக்கு மேல் நான்கு விரல் உயரத்தில் நிற்கிறது. பட்டறைக்காரர் உட்கார்ந்து பார்த்துத்தான் கட்டினார். நின்ற வண்டியில் உட்கார்ந்து பார்த்தார். சோலூர்மட்டத்திலிருந்து காலியாகத் திரும்பிய ஒரு மாலையில் ஒரு குழியை நான் கவனிக்கவில்லை. சத்தம்தான் முதலில் கேட்டது, தேங்காய் உடைத்ததுபோல. கண்ணுக்குள் வெதுவெதுப்பாக ஏதோ வழிந்த பிறகே அடிபட்டது என் தலை என்று விளங்கியது.

முதலில், எல்லோரையும்போல, மோட்டார் சைக்கிளுக்கு வைத்திருந்த ஐஎஸ்ஐ முத்திரை பெற்ற தலைக்கவசத்தையே லாரியிலும் போட்டுப் பார்த்தேன். மூன்று நாள் தாங்கவில்லை. அதன் ஓடும் உள்ளே இருக்கும் தெர்மகோல் அடுக்கும் சேர்ந்து தலையின் உயரத்தை ஒன்றரை அங்குலத்துக்கு மேல் கூட்டிவிடுகின்றன. நான்கு விரல் இடைவெளி இரண்டு விரலாகச் சுருங்கியதால் முன்பு இடிக்காத சின்னக் குழிகளிலும் இடிக்க ஆரம்பித்தது, இடிக்கும் ஒவ்வொரு முறையும் கழுத்து தோளுக்குள் இறங்கியது. அதைவிட முக்கியமான குறை, அந்தத் தெர்மகோல் ஒரே ஒரு பெரிய அடிக்கானது என்பது. விழும்போது தான் நசுங்கி, அடியின் வேகத்தைத் தன்னுள் வாங்கிக்கொண்டு மண்டையைக் காப்பாற்றுவதுதான் அதன் வேலை. நசுங்கியது மறுபடி எழாது. தினம் இருபது முறை இரும்பில் முட்டிக்கொள்ளும் தலைக்கு அது பொருந்தாது. பின்னால் எடுக்கும்போது வேறொரு தொல்லை. கொண்டை ஊசி வளைவில் சக்கரம் எங்கே நிற்கிறது என்று பார்க்க ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டியாக வேண்டும். தலைக்கவசம் கதவுச் சட்டத்தில் மோதி, தலை பாதிதான் வெளியே போனது.

கட்டட வேலையில் போடும் மஞ்சள் தொப்பியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மேலிருந்து விழும் கல்லுக்காகச் செய்தது அது. ஓட்டுக்கும் தலைக்கும் நடுவில் வார்ப்பட்டை இருப்பதால் அதுவும் உயரத்தைக் கூட்டும், தாடைப் பட்டை இல்லாவிட்டால் முதல் குழியிலேயே கிளட்ச் பெடலுக்கு அடியில் போய் விழும். கிளட்ச் பெடலுக்கு அடியில் ஏதாவது உருளும்போது இறக்கத்தில் இருப்பது எப்படிப்பட்ட அனுபவம் என்பதை யாரும் பரிசோதிக்க வேண்டாம்.

டாங்கிக் குல்லாய் யோசனையைத் தந்தவர் எங்கள் பக்கத்துத் தோட்டத்துக்காரர். கவசப் படைப்பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். என் தலைக்கட்டைப் பார்த்துவிட்டு, "தம்பி, டாங்கிக்குள்ள இரும்பு நம்ம தலையைத் தேடி வந்து முட்டும். குண்டுக்காக நாங்க குல்லா போடல, அந்த முட்டலுக்காகத்தான் போட்டோம்" என்றார். சென்னைக்கு அருகில் ஆவடியில் உருவான டி-72 போன்ற ரஷ்ய வழி டாங்கிகளில் இருப்பவர்கள் அணிவதுதான் இந்த வகை: பருத்திக் கித்தானில் தைத்து, நெற்றியிலிருந்து பிடரி வரை விரல் தடிமனான திணிப்பு வரிகள் ஓடும், காதை மூடித் தாடைக்குக் கீழே பட்டை கட்டும் குல்லாய். கெட்டியான ஓடு கிடையாது. குண்டையோ சிதறலையோ இது தடுக்காது. தடுக்கும் என்று யாராவது விற்றால் அவரிடம் வாங்க வேண்டாம். குறுகிய இரும்பு அறைக்குள் மீண்டும் மீண்டும் படும் நடுத்தர அடிகளைத் தாங்குவதே இதன் நோக்கம், என் கேபினில் விழுபவையும் துல்லியமாக அவைதான்.

பொட்டலம் வந்தபோது பாச்சை உருண்டை நாற்றம் வீட்டையே நிறைத்தது. சாயம் சற்று வெளுத்திருந்தாலும் தையல் உறுதியாக இருந்தது. உள்ளே முத்திரையிட்டிருந்த 58 என்ற எண் தலைச் சுற்றளவு, சென்டிமீட்டரில். வாங்குபவர்கள் நாடாவால் புருவத்துக்கு மேலே அளந்துவிட்டுச் சொன்னால் போதும். நான் உத்தேசமாகச் சொன்னதால் ஒரு சென்டிமீட்டர் தளர்வாக வந்தது, பிடரிப் பட்டையை இழுத்துக் கட்டிச் சமாளித்தேன். விற்றவர் தாடைப் பட்டையின் கொக்கி உடைந்திருப்பதைச் சொல்லாமல் அனுப்பியது எனக்குப் பிடிக்கவில்லை. தொலைபேசியில் கேட்டதற்கு, "பழசுங்க, அப்படித்தான் இருக்கும்" என்ற பதில் கிடைத்தது. கோத்தகிரிக் கடைவீதியில் செருப்புத் தைப்பவரிடம் 40 ரூபாய்க்குப் பைக்கொக்கி ஒன்று போட்டுக்கொண்டேன்.

பயன் என்னவென்று கேட்டால், முதல் வாரத்திலேயே தெரிந்தது. திணிப்பு வரிகள் அமுங்கி மறுபடி எழுகின்றன; ஆங்கிளில் முட்டும்போது வலி என்று ஒன்று இல்லை, யாரோ உள்ளங்கையால் தட்டியதுபோல ஒரு உணர்வு, அவ்வளவுதான். உயரம் முக்கால் அங்குலத்துக்கு மேல் கூடவில்லை. ஜன்னலுக்கு வெளியே தலை முழுசாகப் போகிறது. எடை குறைவானதால் கழுத்து வலிக்கவில்லை. இந்தப் பதினான்கு மாதத்தில் வலுவாக முட்டிய தடவைகள் எத்தனையோ. தோல் ஒருமுறைகூடக் கிழியவில்லை.

காதுதான் இதன் பெரிய குறை. டாங்கிக்குள் ஒருவரோடொருவர் பேசுவது கம்பி வழியாக என்பதால், காதுப் பகுதியில் காதொலிப்பானை வைக்கத் தடித்த கிண்ணம்போல ஒன்றைத் தைத்திருக்கிறார்கள். வெளிச் சத்தத்தை அடைப்பதற்கென்றே செய்தது அது. மலைப்பாதையில் பாதிக் காட்சி காதில்தான் வருகிறது: ஏறி வரும் வண்டிக்கு வழி விட வேண்டியவன் இறங்குபவன், அந்த வண்டி வருவதை வளைவுக்கு அப்பால் அதன் ஹாரன்தான் சொல்லும், பனிமூட்டம் இறங்கிவிட்டால் ஹாரன் ஒன்றே சாட்சி. மூன்றாம் நாள் ஓரம் சரிந்திருந்த ஓரிடத்தில் வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தேன். கிளீனர் பையன் பின்னால் நின்று "வரலாம், வரலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது; "ஓல்டான்" என்று கத்தியது கேட்கவில்லை. அவன் ஓடி வந்து கதவில் இரண்டு கையாலும் தட்டிய பிறகு பிரேக்கை மிதித்தேன். இறங்கிப் பார்த்தபோது பின்சக்கரத்துக்கும் சரிவின் விளிம்புக்கும் நடுவில் ஒரு முழம் இருந்தது. "அண்ணா, ஒண்ணு அதைக் கழட்டுங்க, இல்லீன்னா என்னை வேற வண்டிக்கு அனுப்புங்க" என்றான். அன்று இரவே கத்தரிக்கோலை எடுத்து இரண்டு காதுக் கிண்ணங்களையும் பிரித்தெடுத்து, அந்த இடத்தில் ஓட்டை விட்டுச் சுற்றிலும் மடித்துத் தைத்தேன். சாலையில் இதைப் போட்டு ஓட்ட நினைப்பவர்கள் இந்த வேலையை முடிக்காமல் வண்டியைக் கிளப்பவே கூடாது.

ஈரம் அடுத்தது. ஐப்பசியில் கோத்தகிரியில் துணி காய்வதே பெரும்பாடு; இந்தக் கித்தான் வியர்வையில் நனைந்தால் மூன்று நாளானாலும் உள்ளே குளிர்ந்துகொண்டே இருக்கும், நான்காம் நாள் பூஞ்சை வாடை வரும். மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் நாளில் நிலைமை நேர்மாறு. ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் இதமாக இருக்கும் அதே குல்லாய், சமவெளியைத் தொட்டதும் தலையில் சோற்றுப்பானையை வைத்ததுபோல வெந்துபோகிறது. தார் ரோட்டில் அது தேவையும் இல்லை என்பதால் நான் கழற்றி இருக்கைக்குப் பின்னால் போட்டுவிடுகிறேன்.

இது எதைச் செய்யாது என்பதையும் சொல்லியாக வேண்டும். வண்டி சரிவில் உருண்டால் இந்தக் குல்லாயால் பெரிதாக ஆகப்போவது எதுவுமில்லை. அப்போது ஆளை இருக்கையோடு பிடித்துவைப்பது சீட் பெல்ட், மேல்சட்டம் நசுங்காமல் நிறுத்துவது உருள்தாங்கிக் கம்பி. இவை இரண்டும் இல்லாத பழைய மிலிட்டரி வண்டியில் எந்தத் தலைக்கவசமும் வெறும் அலங்காரம். எங்கள் வண்டி வந்தபோது அதில் பெல்ட் கிடையாது. குல்லாய் வாங்கிய மாதமே தோள் பெல்ட்டை, தகட்டில் திருகாமல் சேஸிஸோடு சேர்த்துப் பொருத்தினேன். பெல்ட் போட்ட பிறகு இருக்கையை விட்டு எழும் உயரமே பாதியாகக் குறைந்துவிட்டது என்பதை இந்த விமர்சனத்தில் மறைப்பது நேர்மையாகாது. கார்ப் பந்தயத்துக்கான தலைக்கவசங்களில் எஸ்ஏ என்று குறியிட்ட ஸ்னெல் தரம் ஒன்று உண்டு. உருள்தாங்கிக் கம்பியில் தலை மோதுவதையும் தீயையும் கணக்கில் எடுத்துச் சோதிக்கும் தரம் அது, மோட்டார் சைக்கிளுக்கான எம் தரத்தில் அந்தச் சோதனைகள் இல்லை. போட்டிக்கென்று ஜோங்கா என்ற பழைய ராணுவ ஜீப்பையோ சக்திமானையோ காட்டுப்பாதையில் விரட்டுபவர்கள் அதைத்தான் வாங்க வேண்டும், விலை பல மடங்கு கூடுதலானாலும். கொழுந்து ஏற்றி மெதுவாகப் போகும் எனக்கு அது வேண்டியதில்லை.

இன்னொரு உண்மையையும் ஒப்புக்கொள்கிறேன். ஆறு மாதம் கழித்து, ஏர்கண்டிஷன் குழாய்க்குச் சுற்றும் கறுப்பு நுரைக்குழாயை நீளவாக்கில் கீறி அந்த ஆங்கிளின் விளிம்பில் மாட்டி, பிளாஸ்டிக் பட்டையால் இறுக்கினேன். செலவு 180 ரூபாய். முதலிலேயே இதைச் செய்திருந்தால் 2,400 ரூபாயைப் பற்றி இரண்டு முறை யோசித்திருப்பேன். ஆனாலும் கதவுத் தூண், கண்ணாடிச் சட்டம், மேலே தொங்கும் கயிற்றுக் கொக்கி என்று நுரை மாட்ட முடியாத இடங்கள் கேபினில் இருப்பதால் குல்லாயைக் கைவிடவில்லை.

வாங்குபவர்களுக்கு ஒரு சட்டச் செய்தி. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 121-ஆவது விதிப்படி ஆலிவ் பச்சை வண்ணம் ராணுவ வண்டிகளுக்கு மட்டுமே உரியது. எங்கள் சக்திமான் இப்போது நீலம். ராணுவ வீரன் என்று பிறரை நம்பவைக்கும் நோக்கத்தில் படையின் உடையை அணிவதும் குற்றம். வெலிங்டனைச் சுற்றி ராணுவம் நடமாடும் இந்த மாவட்டத்தில், குல்லாயை கேபினுக்குள்ளேயே வைத்துக்கொள்வது நல்லது. சின்னம் எதுவும் தைத்திருந்தால் பிரித்துவிடுங்கள். எனக்கு வந்ததில் இல்லை.

மண்பாதையில், கூரை தாழ்ந்த பழைய மிலிட்டரி லாரியைத் தினமும் ஓட்டுபவர் என்றால், பெல்ட்டையும் நுரையையும் முடித்த பிறகு, காதை வெட்டிவிட்டு, இதை வாங்கலாம். ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண் தருவேன். ஞாயிற்றுக்கிழமை கண்காட்சிக்கு ஓட்டுபவருக்கு நுரைக்குழாயே போதும்.

முதன்முதலில் இதைப் போட்டுக்கொண்டு வண்டியை விட்டு இறங்கிய அன்று, மேட்டுத் தேயிலையில் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்த பெண்களில் ஒருவர் கூடையைப் போட்டுவிட்டு "கரடி, கரடி" என்று கத்திவிட்டார். எங்கள் தோட்டத்துக்குக் கரடி வருவது வழக்கம் என்பதால் நான் கோபித்துக்கொள்ளவில்லை. வெட்டியெடுத்த இரண்டு காதுக் கிண்ணங்களையும் கிளீனர் பையன் தன் குரங்குக் குல்லாய்க்குள் வைத்துத் தைத்துக்கொண்டான். மார்கழி உறைபனியில் விடியற்காலை நான்கு மணிக்கு வண்டியைக் கிளப்பும்போது அவன் காது குளிர்வதில்லையாம். வண்டி நகரத் தொடங்கியதும், கழற்றிப் பையில் வைத்துவிடுகிறான்.