காரைக்குடியில் ‘நூறு வருஷக் காமதேனு’ வாங்கப் போகிறீர்களா?

பெண் முகம், சிறகு, மயில் தோகை, மடியில் கன்று. முழங்கை உயரப் பித்தளைக் காமதேனு. “பர்மாவுக்குக் கொண்டுவிக்கப் போன செட்டியார் வீட்டுச் சாமான் சார், பாகம் பிரிச்சப்போ வந்தது. வெள்ளிக்கிழமை அது காதுல சொல்லுங்க, நெனச்சது நடக்கும்” என்றார் கடைக்காரர். காதில் சொல்வது நந்திக்கு; அது வேறு மாடு. வசிட்டரின் பசுவை விசுவாமித்திரர் படையோடு வந்தும் பிடுங்க முடியவில்லை. இவர் ரூ.18,000-க்குத் தந்தார்.

நம்பவைத்தது அடிப்பீடத்து எழுத்து. செட்டிநாட்டு வீடுகளில் தூக்குச்சட்டி வரைக்கும் விலாசம், அதாவது வீட்டுக்காரர் பெயர், வெட்டியிருப்பார்கள். இதிலும் புள்ளி புள்ளியாக ‘அண்ணாமலை 1912’.

பக்கத்து வீட்டு ஆச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். “ஏப்பா, இந்த ணாவும் லையும் அப்ப ஏது?”

பழைய ‘ணா’வில் கால் தனியே நிற்காது, எழுத்தோடு சுழித்துச் சேர்ந்திருக்கும். ‘லை’க்கு முன்னால் யானைத் தும்பிக்கை வளையும். பெரியார் தம் ‘குடிஅரசு’ இதழில் இன்றைய வடிவங்களைப் புகுத்தியது 1935-இல். அரசு ஆணை வந்தது 1978-இல். 1912-இல் பெயர் வெட்டியவன் தீர்க்கதரிசியாக இருக்க வேண்டும்!

அப்புறம் புளி போட்டுத் தேய்த்தோம். கறுப்பெல்லாம் துணியோடு வந்துவிட்டது, உள்ளே புத்தம்புது மஞ்சள். வயிற்றுக்கடியில் அரம் போட்ட கோடுகள். கை பட்டுப் பழகிய சாமான் என்றால் மூக்கும் திமிலும் மழுங்கியிருக்கும், இடுக்கில் களிம்பு நிற்கும். இதில் மூக்கிலிருந்து வால் வரை ஒரே நிறம்.

திரும்பப் போனால் “பழசு மாதிரின்னுதானே சொன்னேன்” என்கிறார். பில்லைப் பார்த்தால் ‘பித்தளை அலங்காரப் பொருள் – 1’. வாயால் நூறு வருஷம், எழுத்தில் ஒன்றுமில்லை. காரணம் இருக்கிறது. நூறு வருஷம் தாண்டிய சிலை 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வந்துவிடும்; அதை விற்க உரிமம் வேண்டும். ஆகவே யாராவது வயது சொன்னால், அந்த வயதைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள், உரிமத்தையும் கேளுங்கள். முகம் மாறுவது அங்கேயே தெரிந்துவிடும்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். அது முடியும்வரை கடைப் பெயரை யாரும் கேட்க வேண்டாம். முனீஸ்வரன் கோவில் தெருவில் இன்னொரு வியாபாரியிடம் காட்டியபோது, கையில் தூக்கிப் பார்த்துவிட்டு “எடைக்குப் போட்டா ரெண்டாயிரம் தேறும்ணே” என்றார்.