பழைய ஃபோர்வீல் வண்டிக்கு ஸ்கேனரா, போர்மேனா?

பழைய பஜேரோ, ஹைலக்ஸ் வைத்திருக்கும் கேஎல் (கோலாலம்பூர்) நண்பர்கள் அடிக்கடி கேட்கிறார்கள்: கோளாறு வந்தால் ஸ்கேனர் (வண்டிக் கணினியில் பதிவான கோளாறைப் படிக்கும் கருவி) வாங்கிப் பார்ப்பதா, செந்தூல் பக்கம் அனுபவப்பட்ட போர்மேனிடம் (மெக்கானிக்) விடுவதா?

செலவு
ஸ்கேனர்: போனோடு இணைக்கும் சின்னக் கருவி 100 ரிங்கிட்டுக்குள்.
போர்மேன்: கூலி உண்டு, ஆனால் ஆள் கெட்டிக்காரர் என்றால் நல்ல பாகத்தைக் கழற்றி வீசும் வீண்செலவு மிச்சம்.

எது பிடிபடும்
ஸ்கேனர்: சென்சார், ஒயரிங் கோளாறு. பழைய பஜேரோவின் 4டி56 இன்ஜின் மாதிரி மெக்கானிக்கல் பம்ப் (கணினி இல்லாமல் டீசல் செலுத்தும் பம்ப்) டீசல் என்றால் இன்ஜினில் அதற்குப் படிக்க ஒன்றும் இருக்காது.
போர்மேன்: மற்றதெல்லாம். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திரும்பும்போது டக் டக் என்றால் பெரும்பாலும் சிவி ஜாயிண்ட் (முன்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் இணைப்பு). கியர் மாற்றும்போது அடியில் 'டங்' என்றால், சக்கரத்துக்குக் கட்டை வைத்து, இன்ஜினை அணைத்து, புரொப்பல்லர் ஷாஃப்டை (கியர்பாக்ஸிலிருந்து அச்சுக்குப் போகும் சுழல்தண்டு) கையால் முறுக்கிப் பார்ப்பார். அந்தத் தண்டின் முனையில் உள்ள யூ ஜாயிண்ட் மூடி ஓரத்தில் செந்துருப் பொடி, கூடவே லேசான ஆட்டம் என்றால் அந்த ஜாயிண்ட் தேய்ந்துவிட்டது, அவ்வளவுதான். நீலப் புகை, இன்ஜின் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்து ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டை (இன்ஜின் தலைக்கு அடியிலுள்ள அடைப்புத் தகடு) சந்தேகப்படுங்கள். நம்ம ஊர் ஜாமில் மட்டும் சூடேறினால் விஸ்கஸ் ஃபேன் (சூட்டுக்கேற்ப வேகம் கூடும் ரேடியேட்டர் விசிறி), ஹைவேயில் சூடேறினால் ரேடியேட்டர் அடைப்பு. இதை எந்த ஸ்கேனரும் சொல்லாது.

வசதி
ஸ்கேனர்: வீட்டு வாசலிலேயே ஐந்து நிமிடம்.
போர்மேன்: காத்திருக்க வேண்டும்.

சரி, யாருக்கு எது? ஹைலக்ஸ் வீகோ மாதிரி காமன் ரெயில் (கணினி கட்டுப்படுத்தும்) டீசலில் செக் இன்ஜின் விளக்கு எரிந்தால் முதலில் ஸ்கேனர். அதற்கு முந்தைய மெக்கானிக்கல் பம்ப் வண்டிக்கு நேராகப் போர்மேன். பழைய வண்டி வாங்கப் போகிறவர் மட்டும் தயவுசெய்து இரண்டையும் செய்யுங்கள், முன்பணம் கொடுப்பதற்கு முன்பே.