230 வோல்ட் என்று ஒட்டி விற்ற 100 வோல்ட் அம்ப்ளிபயர்: 85,000 ரூபாய் போயிற்று

கொழும்பு புறக்கோட்டையில், ஜப்பானிலிருந்து இறக்கிய பாவித்த ஒலிச்சாதனங்களை விற்கும் கடையொன்றில் கடந்த வாரம் 85,000 ரூபாய் கொடுத்து வாங்கிய இன்டகிரேட்டட் அம்ப்ளிபயர் (ஒலியைப் பெருக்கும் பாகங்கள் எல்லாம் ஒரே பெட்டியில் அடங்கியது), வெள்ளவத்தையில் என் வீட்டுப் பிளக்கில் செருகிய சில வினாடிகளுக்குள் உறுமி, கருகல் மணம் வீசி அடங்கிவிட்டது.

ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட், நமக்கு 230 வோல்ட் என்பதை அறிந்துதான் போனேன்; முதற் கேள்வியாக அதையே கேட்டேன். விற்பனையாளர் சற்றும் தயங்காமல் பின்பக்கத்தைத் திருப்பி, '230' என்றிருந்த ஒட்டியை (ஸ்டிக்கரை) காட்டி, "உள்ளுக்குள்ள டிரான்ஸ்போமர் மாத்தியாச்சு அண்ணே, நேரா பிளக்கில போடுங்க" என்றார். என் ஸ்பீக்கர்கள் 4 ஓம் (மின்தடை அளவு; இது குறையக் குறைய அம்ப்ளிபயருக்குச் சுமை கூடும்) என்றதற்கும் சரி என்று தலையசைத்தார். தேநீர் வேறு வந்தது. கடை ஸ்பீக்கரில் வீணை அவ்வளவு தெளிவாக ஒலித்ததைக் கேட்டபின் பேரம் பேசக்கூடத் தோன்றாமல் 85,000 ரூபாயையும் எண்ணிக் கொடுத்தேன்.

பழுது பார்ப்பவர் அந்த ஒட்டியை நகத்தால் உரித்தபோது, கீழே 100 வோல்ட் என்ற தொழிற்சாலை அச்சு அப்படியே இருந்தது. உள்ளே டிரான்ஸ்போமரை எவரும் மாற்றியிருக்கவில்லை. இரு மடங்குக்கும் மேற்பட்ட மின்னழுத்தம் ஏறியதில் அதன் சுருள் கருகிவிட்டது. அப்படியானால் கடையில் எப்படி ஒலித்தது? திரும்பப் போனபோது கண்டேன்: தட்டுக்குப் பின்னால், 230 ஐ 100 ஆகக் குறைக்கும் தனி டிரான்ஸ்போமர் ஒன்றை மறைத்து வைத்திருக்கிறார்கள்.

முதலில் "உங்கட பக்கம் கரண்ட் கூடிக் குறையும்" என்றார்கள். பிறகு 4 ஓம் ஸ்பீக்கர்தான் காரணம் என்றார்கள். ஸ்பீக்கர் வயரையே நான் இன்னும் இணைக்கவில்லை என்றதும், முதலாளி வெளியூர் போய்விட்டார். அந்த ஸ்டிக்கர் ஜப்பானிலேயே ஒட்டப்பட்டு வந்ததாம். தேநீர் தந்த அதே மனிதர் சொல்கிறார். 85,000 ரூபாய்க்கு அவர்கள் தந்த துண்டில் கடையின் பெயர்கூட இல்லை.

அம்ப்ளிபயர் தெரிவு செய்யும் முறையை விரிவாக எழுத நினைத்தேன், கோபம் விடவில்லை. பின்தகட்டின் அச்சைப் பாருங்கள். அதன்மேல் ஸ்டிக்கர் இருந்தால் உரிக்கச் சொல்லுங்கள். மின்வயர் எதில் செருகப்பட்டிருக்கிறது என்று கண்ணால் தொடர்ந்து பாருங்கள். பிஎம்பிஓ (கணநேர உச்சத்தை ஊதிக் காட்டும் விளம்பரக் கணக்கு) என்று ஆயிரக்கணக்கில் அளக்கும் வாட்டை விட்டு, 8 ஓமில் ஒரு பக்கத்துக்கு எத்தனை ஆர்எம்எஸ் வாட் (தொடர்ந்து தரக்கூடிய சக்தி) என்று கேளுங்கள். முத்திரையிட்ட பற்றுச்சீட்டு இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் தொலைபேசி இலக்கம் 1977. வாங்கி மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். என் முறைப்பாட்டை இன்று எழுதிவிட்டேன்.