இரண்டு காலிப்பர் உள்ள காருக்கு நான்கு காலிப்பர் கூலி

கடந்த மாதம் என் காரின் பிரேக் காலிப்பர்களுக்கு, அதாவது பிரேக்கை மிதித்ததும் சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை இருபுறமும் பிடித்து நிறுத்தும் பாகங்களுக்கு, சிவப்பு வண்ணம் அடிப்பதற்காக, வீட்டுக்கே வந்து வேலை செய்து தருவதாகச் சொன்ன ஒருவரிடம் 4,800 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன். பணம் போனதைக் காட்டிலும், அழகுக்காகப் பிரேக்கில் கைவைக்க விட்டோமே என்பதுதான் உறுத்துகிறது.

ஒரு காலிப்பருக்கு 1,200 ரூபாய், நான்குக்கும் சேர்த்து 4,800 என்று வாட்ஸ்அப்பில் கணக்கு அனுப்பினார். சிறிய கார்கள் பலவற்றைப் போலவே என் காரிலும் முன்சக்கரங்களில் மட்டும்தான் டிஸ்க் பிரேக் இருக்கிறது. பின்சக்கரங்களில் உள்ளது ட்ரம் பிரேக், அதில் காலிப்பர் என்ற உறுப்பே கிடையாது. எட்டு ஆண்டுகளாக ஓட்டும் காரைப் பற்றி இதுகூடத் தெரியாமல் இருந்தேன் என்று எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

வெளிநாட்டிலிருந்து தருவித்த, வெப்பம் தாங்கும் பெயின்ட் என்று சொல்லிக் காட்டிய ஸ்ப்ரே டின்னைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டியிருந்தது. கைப்பிடி வழுக்காமல் இருக்கத்தான் என்றார். அவர் போன பிறகு எங்கள் குப்பைத் தொட்டியில் கிடந்த டின்னின் டேப்பை உரித்துப் பார்த்தால், இரும்புக் கதவுக்கும் நாற்காலிக்கும் அடிக்கும் சாதாரண பெயின்ட். காலிப்பருக்கென்று விற்கும் பெயின்ட் டின்னில் அது எத்தனை டிகிரி வரை தாங்கும் என்பது அச்சிடப்பட்டிருக்கும்; இதில் அப்படி ஒரு வரிகூட இல்லை.

பெயின்ட் உரிவதோடு போயிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். அவர் காலிப்பரைக் கழற்றி, அதன் முழு எடையும் பிரேக் திரவம் செல்லும் ரப்பர் குழாயான பிரேக் ஹோஸில் விழும்படி தொங்கவிட்டார். ஹோஸ் அப்படி இழுபட்டால் உள்ளே சேதமடையலாம், வெளியே ஒன்றும் தெரியாது என்பதைப் பின்னால் அறிந்தேன். டிஸ்க்கை அழுத்தும் தகடுகளான பேட்களை எடுத்துவிட்டு, அவற்றின் ஓரக் காதுகள் வழுக்கி நகர வேண்டிய, பேட்களைத் தாங்கும் பிராக்கெட்டின் பள்ளங்களிலும் சேர்த்துத் தடிமனாக அடித்து, காய்வதற்குள் பேட்களைத் திணித்து மூடினார். கடைசியில் ப்ரெம்போ என்று ஒரு ஸ்டிக்கரையும் ஒட்டினார். சாதாரண ஒற்றைப் பிஸ்டன் காலிப்பருக்கு, பந்தயக் கார் பிரேக்குகளுக்குப் பெயர்போன அந்த இத்தாலி நிறுவனத்தின் பெயர் எதற்கு என்று அப்போதாவது கேட்டிருக்க வேண்டும்.

பத்து நாள் கழித்து ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் இறங்கி வந்தபோது கார் இடப்பக்கமாக இழுத்தது. மலையிறக்கத்தில் பிரேக் சூடாவது இயல்புதான், ஆனால் அடிவாரத்தில் நிறுத்திப் பார்த்தபோது இடது முன்சக்கரத்திலிருந்து மட்டும் கருகல் வாடை வந்தது. மறுநாள் கழற்றிப் பார்த்த எங்கள் வழக்கமான மெக்கானிக், பெயின்ட்டில் ஒட்டிக்கொண்ட பேட் பின்வாங்க முடியாமல் டிஸ்க்கை விடாமல் உரசியிருப்பதைக் காட்டினார். துடைக்கப் பயன்படுத்திய தின்னர் பட்டு, காலிப்பர் நகர்ந்துகொடுக்க உதவும் ஸ்லைடு பின்னின் ரப்பர் உறையும் (பூட்) உப்பியிருந்தது. புதிய பேட், ஹோஸ், பூட், கூலி எல்லாமாக 7,300 ரூபாய் ஆயிற்று.

இந்த வேலையை வீட்டில் செய்யவே கூடாது என்று அந்த மெக்கானிக் சொல்லவில்லை. சக்கரத்தைக் கழற்றி, ஜாக்கை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டும் கொடுத்து, காலிப்பரை அதன் இடத்திலேயே விட்டுக் கம்பித் தூரிகையாலும் பிரேக் கிளீனராலும் சுத்தம் செய்து, டிஸ்க், பேட், ரப்பர் பாகங்கள், பிரேக் திரவத்தில் சேரும் காற்றை வெளியேற்றும் ப்ளீடர் நிப்பிள் ஆகியவற்றை மூடிவிட்டு, உரிய பெயின்ட்டைத் தூரிகையால் மெல்லிய பூச்சுகளாக அடித்தால் போதுமாம். வருகிறவர் போல்ட்டைக் கழற்ற வேண்டும் என்றால், எதற்கு என்று முதலில் கேளுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டு நான் அனுப்பிய படங்களைப் பார்த்தவர், என் எண்ணைத் தடை செய்துவிட்டார். ரசீது இல்லை, யுபிஐ பதிவு மட்டும் இருக்கிறது. முன் காலிப்பர்களைச் சுரண்டிப் பழைய இரும்பு நிறத்துக்குக் கொண்டுவந்தாயிற்று. காலிப்பர் என்று காசு வாங்கிய பின்சக்கர ட்ரம்கள் மட்டும் இன்னும் சிவப்பாக இருக்கின்றன.