நாற்பதுகளில் பெரும்பாடு: மாத்திரையா, கருவியா, கர்ப்பப்பையை எடுப்பதா?

மாதவிலக்கு நிற்பதற்கு முந்தைய சில வருடங்கள் பல பெண்களைப் பாடாய்ப் படுத்திவிடும். இரண்டு மாதம் வராது, வந்தால் பத்து நாளானாலும் நிற்காது. இப்படி உதிரம் அதிகமாகப் போவதைத்தான் பெரும்பாடு என்கிறோம். நடவு வயலில் துணி மாற்றக்கூட ஒதுக்குப்புறம் இல்லாமல், அடிக்கடி கரையேறினால் ஏதாவது சொல்வார்களோ என்று நனைந்த துணியோடே குனிந்து நாற்று ஊன்றுவார்கள். மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி பக்கம் இது புதிதில்லை. முடியாமல் போய் ஸ்கேன் எடுத்தால், "கர்ப்பப்பையை எடுத்துடலாம்மா" என்ற பேச்சு சீக்கிரமே வந்துவிடுகிறது. "பிள்ளை பெத்தாச்சு, இனி அது எதுக்கு" என்று வீட்டிலும் தலையாட்டிவிடுகிறார்கள். எனக்கு இந்த அவசரத்தில் உடன்பாடே இல்லை.

ஏன் இப்படிக் கொட்டுகிறது? கருமுட்டை வெளிவராத மாதங்களில் புரோஜெஸ்ட்ரான் என்ற ஹார்மோன் சுரக்காது, ஈஸ்ட்ரோஜன் என்ற இன்னொரு ஹார்மோன் மட்டும் கர்ப்பப்பையின் உள்சவ்வைத் தடிக்க வைத்துக்கொண்டே போகும், பிறகு அது மொத்தமாக உடைந்து வெளியேறும். சிலருக்குக் கர்ப்பப்பையில் வளரும் நார்க்கட்டியும் (ஃபைப்ராய்டு) சேர்ந்துகொள்ளும். நம் நாட்டுப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் மாதவிலக்கு நின்றுவிடுகிறது, நின்றபின் நார்க்கட்டியும் பெரும்பாலும் சுருங்கும். ஆக 44 வயதுக்காரருக்குத் தேவை இடைப்பட்ட சில வருடங்களைத் தாண்டுவதற்கான வழிதான்.

முதலில் மாத்திரை. டிரானெக்சாமிக் ஆசிட்டை உதிரம் அதிகமாகப் போகும் நாட்களில் மட்டும் போட்டால் போதும், போக்கு கிட்டத்தட்டப் பாதியாகக் குறையும். ரத்தம் உறைந்து அடைப்பு வந்தவர்களுக்கு ஆகாது. நாள் தப்பித் தப்பி வருபவர்களுக்குப் புரோஜெஸ்ட்ரான் மாத்திரை நன்றாகக் கேட்கும். வாழைப்பூப் பொரியலும் உளுந்தங்களியும் நல்ல சாப்பாடு, தாராளமாகச் சாப்பிடுங்கள், ஆனால் ரத்தச்சோகை முற்றி ஹீமோகுளோபின் 7க்கு வந்துவிட்டவரை அதை மட்டும் நம்பி வீட்டில் வைத்திருக்காதீர்கள்.

என் ஓட்டு கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் கருவிக்குத்தான். பார்க்கக் காப்பர்-டி மாதிரி இருந்தாலும் வேலை வேறு: இதிலிருந்து லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோன் தினமும் துளித்துளியாகக் கர்ப்பப்பைக்குள்ளேயே கசிந்து உள்சவ்வை மெலிய வைக்கிறது. முதல் மூன்று முதல் ஆறு மாதம் சொட்டுச் சொட்டாகப் பட்டுக்கொண்டிருக்கும், அதைப் பார்த்து "இது ஒத்துக்கல" என்று எடுத்துவிடுகிறவர்களும் உண்டு. பொறுத்தால் சிலருக்கு விலக்கே நின்றுபோகும். ஐந்து வருடம் தாங்கும். சில ஆயிரம் ரூபாய் ஆகும்தான், ஆனால் மறுநாளே வேலைக்குப் போகலாம். உள்ளறை கோணலாகும்படி பெரிய கட்டி இருந்தால் மட்டும் இது சரிப்படாது.

அறுவை சிகிச்சை செய்தால் உதிரப்போக்கு அடியோடு தீரும், மறுக்கவில்லை. ஆனால் ஆறு வாரத்துக்கு நெற்கட்டுத் தூக்க முடியாது, குடம் தூக்க முடியாது. அதைவிடப் பெரிய கேள்வி, கருமுட்டையும் ஈஸ்ட்ரோஜனும் உண்டாகும் சினைப்பை. 38, 40 வயதில் அதையும் சேர்த்து எடுத்துவிட்டால் ஈஸ்ட்ரோஜன் ஒரே நாளில் நின்றுபோகும். இரவில் ஜாக்கெட் பிழிகிற அளவுக்கு வேர்த்து எழுந்து உட்காருவது, தூக்கம் கெட்டு எரிந்து விழுவது, சில வருடங்களில் எலும்பு மெலிந்து வரப்பில் வழுக்கி விழுந்ததற்கே மணிக்கட்டு முறிவது, இதயநோய்க்கான வாய்ப்பும் கூடுவது என எல்லாம் வரிசையாக வரும். இப்படி இளவயதில் எடுத்தவர்களுக்கு, மார்பகப் புற்றுநோய் போன்ற தடை எதுவும் இல்லையென்றால், இயல்பாக நிற்கும் வயதுவரை ஈஸ்ட்ரோஜன் கொடுப்பதுதான் முறை. நம் பக்கம் அதை எடுத்துச் சொல்லி அனுப்புவது அபூர்வம்.

தேவையில்லாமல் கர்ப்பப்பையை எடுப்பதைத் தடுக்க ஒன்றிய அரசு 2022இல் வழிகாட்டுதல் வெளியிட்டது, அதை எல்லா மாநிலங்களும் பின்பற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023இல் உத்தரவிட்டது.

எடுத்தே ஆக வேண்டிய நிலையும் உண்டு: புற்றுநோய், மற்ற எதற்கும் அடங்காத போக்கு, சிறுநீர்ப்பையை அழுத்தும் பெரிய கட்டி. 45ஐத் தாண்டியவர் எந்த வழிக்குப் போனாலும் அதற்குமுன் உள்சவ்வுச் சதைப் பரிசோதனை (பயாப்ஸி) செய்துகொள்ள வேண்டும். ஒரு வருடம் நின்றுபோய் மறுபடி துளி பட்டாலும் உடனே காட்டுங்கள். அறுவைக்குக் கையெழுத்துப் போடுமுன் "சினைப்பையையும் எடுக்கிறீர்களா, ஏன்?" என்று கேளுங்கள், பதிலை அந்தச் சம்மதப் படிவத்திலேயே எழுதி வாங்குங்கள்.