ஜேடி - எம்எச்ஏ: சேர்த்துப் படிப்பதா, ஒன்றை முடித்து மற்றதா?

அமெரிக்காவில் சட்டப் பட்டமான ஜேடிக்கு 3 ஆண்டு, மருத்துவமனை நிர்வாகப் பட்டமான எம்எச்ஏவுக்குப் பொதுவாக 2 ஆண்டு. தனித்தனியே படித்தால் 5 ஆண்டு. சேர்த்துப் படித்தால் பெரும்பாலும் 4. ஒரு வருடக் கட்டணமும் வாடகையும் மிச்சமாகும்.

சில பாடங்களின் கிரெடிட் (பாடத்துக்கான மதிப்பலகு) இரண்டு பட்டத்துக்கும் கணக்காவதால்தான் இந்த மிச்சம். பலர் சறுக்குவதும் இங்கேதான். ஜேடிக்குக் குறைந்தது 83 கிரெடிட் வேண்டும் என்பது அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் விதி. சட்டக் கல்லூரியில் சேருவதற்கு முன் எடுத்த எம்எச்ஏ பாடங்கள் அதில் சேராது. எனவே முதல் வருடத்தை எம்எச்ஏவில் தொடங்கினால், அந்தக் கிரெடிட் சட்டப் பக்கம் வீணாகும். சட்டத்தின் முதல் வருடத்தை முதலில் முடிப்பதே பாதுகாப்பு. எந்தப் பாடம் இரண்டிலும் செல்லும் என்பதை இரு துறைகளிடமும் எழுத்தில் வாங்குங்கள்.

கோடை விடுமுறையும் இடிக்கும். சட்ட நிறுவனப் பயிற்சி, மருத்துவமனைப் பயிற்சி இரண்டும் அதே மாதங்களையே கேட்கும்.

தனித்தனியாகப் படிப்பவருக்கு இந்த நெருக்கடி இல்லை. வேலையில் இருந்துகொண்டே பகுதிநேரமாக எம்எச்ஏ படிக்கலாம். சில மருத்துவமனைகள் கட்டணத்தில் ஒரு பங்கும் தருகின்றன.

மருத்துவர்கள் தங்களுக்குப் பண லாபமுள்ள இடங்களுக்கு நோயாளிகளை அனுப்புவதைக் கட்டுப்படுத்தும் ஸ்டார்க் சட்டம், நோயாளி விவரங்களின் ரகசியத்தைக் காக்கும் ஹிப்பா சட்டம் போன்றவை கடைப்பிடிக்கப்படுகின்றனவா என்று மருத்துவமனைக்குள் இருந்து கவனிக்கும் இணக்க அதிகாரி வேலை என்றால், சேர்த்துப் படிப்பதையே சொல்வோம். மருத்துவ அலட்சிய வழக்குகளை நடத்தத்தான் ஆசை என்றால் ஜேடி போதும்.