பருவும் எரிச்சலும் உள்ள சருமத்துக்குக் கனிம சன்ஸ்கிரீன்: துத்தநாகமா, டைட்டானியமா, எந்தப் பால்மம்?

எளிதில் எரிச்சலடைந்து, பருவும் கிளம்பும் சருமத்துக்காகக் கனிம சன்ஸ்கிரீன் தயாரிக்க முற்படுபவரின் முன்னால் இருப்பவை துத்தநாக ஆக்ஸைடு, டைட்டானியம் டை ஆக்ஸைடு ஆகிய இரண்டு வடிகட்டிகளே (வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பொருட்கள்). அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2019-இல் வெளியிட்ட வரைவு விதியில், பாதுகாப்பும் பயனும் போதிய அளவு நிறுவப்பட்டவை என்று ஏற்றுக்கொண்டதும் இவ்விரண்டை மட்டுந்தான். ஒவ்வொன்றுக்கும் அங்கு உச்சவரம்பு 25 சதவீதம். இவை கண்ணாடியைப் போல வெயிலைத் திருப்பி அனுப்புகின்றன என்று இன்றும் பலர் எழுதிவருகிறார்கள். உண்மையில் இவை புற ஊதாக் கதிரின் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்கின்றன. சிதறடிப்பது சிறு பங்குதான்.

எடைக்கு எடை ஒப்பிட்டால், சருமத்தைச் சுட்டுச் சிவக்கவைக்கும் குறுகிய அலைப் புற ஊதாக் கதிரான யுவிபி-யைத் தடுப்பதில் டைட்டானியம் வலிமையானது. குறைந்த அளவிலேயே, வெயில் சுடாமல் காக்கும் திறனைக் காட்டும் எஸ்பிஎஃப் எண்ணை உயர்த்திவிடும். ஆனால் கதிரின் அலைநீளம் 340 நானோமீட்டரைத் தாண்டியதும் அதன் பிடி தளர்கிறது. துத்தநாகமோ ஏறத்தாழ 370 நானோமீட்டர் வரை காவல் நிற்கிறது. பரு ஆறிய இடத்தில் கருந்தழும்பு மாதக்கணக்கில் தங்கிவிடும் மாநிற, கருநிறச் சருமங்களுக்கு அந்த நீண்ட அலைப் பகுதியை விட்டுக்கொடுக்க முடியாது. ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதைக் காட்டும் ஒளிவிலகல் எண்ணிலும் வேறுபாடு பெரிது: ரூட்டைல் என்ற படிக வகை டைட்டானியத்துக்கு 2.7 அளவு, துத்தநாகத்துக்கு 2.0 அளவு. ஆகவே ஒத்த துகள் அளவில் டைட்டானியமே முகத்தை அதிகம் வெளுக்கச் செய்யும். இந்த இரண்டு காரணங்களுக்காக, துத்தநாகத்தையே முதன்மை வடிகட்டியாகக் கொள்ள வேண்டும் என்பது என் முடிவு.

துத்தநாகத்துக்கும் ஒரு பிடிவாதம் உண்டு. அமிலத்தைக் கண்டால் அது கரையும். எனவே கலவையின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் மதிப்பு 7-ஐ ஒட்டியோ சற்று மேலேயோ இருக்க வேண்டும். பருவுக்கு நல்லது என்று சாலிசிலிக் அமிலத்தையும் அதே குழம்பில் சேர்க்க விரும்புவோர் உண்டு; அந்த அமிலம் துத்தநாகத்தோடு வினைபுரிந்து தன் வேலையையும் இழக்கும், குழம்பின் நிலைத்தன்மையையும் கெடுக்கும். குழம்பைக் கெட்டியாக்கும் பொருட்களில் கார்போமர் கூழ் துத்தநாக அயனிகளால் நீர்த்துப்போகும். சாந்தன் கம் தாக்குப்பிடிக்கும். பருவுக்காகச் சேர்க்கும் பொருட்களில், பி3 வைட்டமின் வகையான நியாசினமைடு மட்டும் இந்த நடுநிலையில் நிம்மதியாக இருக்கும்.

இத்தனைக்குப் பிறகும், பரு வரும் சருமத்தில் வெற்றி தோல்வியைப் பெரிதும் தீர்மானிப்பது வடிகட்டி அன்று, அதைச் சுமக்கும் பால்மம், அதாவது ஒன்றுக்குள் மற்றொன்று துளிகளாக நிற்கும் குழம்பு. நீருக்குள் எண்ணெய் துளிகளாக நிற்கும் பால்மம் தொட்டவுடன் இலேசாக இருக்கும், கழுவுவதும் எளிது. ஆனால் அதை நிலைநிறுத்த, எண்ணெயையும் நீரையும் பிரியாமல் பிணைக்கும் பால்மமாக்கிகள், கொழுப்பு ஆல்கஹால்கள், எண்ணெய்த்தன்மையுள்ள எஸ்டர்கள் என்று ஒரு வரிசையே தேவைப்படும். இவற்றுள் ஐசோபுரொப்பைல் மிரிஸ்டேட் போன்றவை துளை அடைக்கும் இயல்புக்குப் பேர்போனவை. பரு என்று நினைத்திருப்பது மலசீசியா பூஞ்சையால் வந்த புடைப்பாக இருந்தால், அந்த எஸ்டர்களும் கொழுப்பு அமிலங்களும் அதற்கு உணவாகவும் ஆகலாம். மேலும் நீர் ஆவியான பின் துகள்கள் திட்டுத்திட்டாகத் தங்கும் வாய்ப்பும் இங்கு அதிகம்.

சிலிக்கோனுக்குள் நீர் துளிகளாக நிற்கும் பால்மம் இதற்கு நேர்மாறானது. டிரைஎதாக்ஸிகாப்ரிலைல்சிலேன் என்ற நீர் ஒட்டாத பூச்சுள்ள துத்தநாகம் வெளிப்புறச் சிலிக்கோனில் சீராகப் பரவுகிறது. ஆவியாகும் பகுதி போனபின் தொடர்ச்சியான மெல்லிய படலம் மிஞ்சுகிறது. இங்கு பயன்படும் சிலிக்கோனான டைமெத்திகோன் பூஞ்சைக்கு உணவாவதில்லை, எரிச்சலூட்டுவதும் அரிது. உள்நீரில் சுமார் 1 சதவீதம் உப்போ மக்னீசியம் சல்பேட்டோ சேர்த்தால் துளிகள் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் நிற்கும். மாலையில் நன்றாகக் கழுவ வேண்டியிருப்பது இதன் குறை. கழுவாமல் உறங்குபவருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆவியாகும் சிலிக்கோனான சைக்ளோபென்டாசிலோக்சேனுக்கு ஐரோப்பிய ஒன்றியம் விதித்த கட்டுப்பாடு, முகத்தில் தங்கும் பூச்சுகளுக்கும் 2027 ஜூன் முதல் பொருந்துவதால், புதிதாகத் தொடங்குபவர் அதற்கு மாற்றாக, சிலிக்கோன் அல்லாத ஆவியாகும் எண்ணெயான ஐசோடோடெக்கேனை முதலிலேயே சோதித்துப் பார்ப்பது நல்லது.

முகத்தில் தெரியும் வெண்படலத்தைக் குறைக்க, மிக நுண்ணிய நானோ துகள் ஒரு வழி, இரும்பு ஆக்ஸைடு நிறமி மற்றொரு வழி. நம் வீடுகளில் வேர்க்குருவுக்குத் தடவும் காலமைன் லோஷன் இளஞ்சிவப்பாக இருப்பதற்குக் காரணமும் துத்தநாகத்தோடு கலந்த அதே இரும்பு ஆக்ஸைடுதான். நிறமி, வெளுப்பை மறைப்பதோடு, கருந்தழும்பைத் தூண்டும் கண்ணுறு ஒளியையும் தடுக்கிறது. நானோ துகளால் அது முடியாது. நான் நிறமியின் பக்கம்.

வாசனைப் பொருள் வேண்டவே வேண்டாம். கிருமி வளராமல் காக்கும் பதப்பொருளாக ஃபீனாக்ஸிஎத்தனால் போதும். மெத்தில்ஐசோதயசோலினோன் என்ற மற்றொரு பதப்பொருள் ஒவ்வாமை காரணமாக ஐரோப்பாவில், கழுவாமல் விடும் பூச்சுகளில் 2017 முதல் தடைசெய்யப்பட்டது. எஸ்பிஎஃப் எண்ணை உயர்த்தப் பியூட்டைல்ஆக்டைல் சாலிசிலேட்டைச் சேர்க்கும் பழக்கமும் உண்டு. அது ஆக்டிசாலேட் என்ற வேதி வடிகட்டியின் நெருங்கிய உறவு. எனவே, வேதி வடிகட்டிகளால் எரிச்சலடைந்து கனிமத்தை நாடி வந்தவருக்கான கலவையில் அதற்கு இடமில்லை.